எஞ்சின் ஸ்டட் (நட்டு மாட்டுற மரைக்கம்பி) உடைஞ்ச கதை இருக்கிறவங்க எல்லாம் வாங்க

கடலூர் மார்க்ஃபோர்:
மூணு வாரம் ஆச்சு, கை இன்னும் மறக்கலை. 84 அம்பாசடர், 1489 சிசி பெட்ரோல், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணி விடுறது) மூடி. அந்த மூணு ஸ்டட் தெரியும்ல? ரெண்டு நட்டு சமத்தா வந்துடுச்சு, மூணாவது அசையலை. டீசல் ஊத்தி ராத்திரி விட்டேன். காலைல ரிங் ஸ்பேனர் போட்டா மெதுவா, ஒரே சீரா சுத்துது. "வந்துட்டான்டா"ன்னு பையனைக் கூப்பிட்டுக் காட்டுறேன். நட்டு கழலலைங்க. ஸ்டட்டே ஜவ்வு மிட்டாய் மாதிரி முறுக்கிக்கிட்டு இருந்திருக்கு. பெரிய சத்தம்கூட இல்ல, ஒரு "ப்ச்". கையில நட்டும் அதுக்குள்ள துண்டு ஸ்டட்டும். பையன் "கழட்டிட்டியாப்பா?"ன்னான். ஆமாடான்னு சொல்லிட்டேன்.

அப்புறம் ஓட்டை போட்டு, ஈஸி அவுட் (முறிஞ்ச துண்டைக் கவ்வித் திருப்பி எடுக்கிற கருவி) விட்டு, அதுவும் உள்ளேயே முறிஞ்சது. அதைப் பேச வேண்டாம்.

எழுநூத்தி தொண்ணூத்தாறு சிசி:
அண்ணே, ஈஸி அவுட் பக்கமே போயிருக்கக் கூடாது. எனக்கு மாருதி 800ல எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சின் புகைக் குழாய்) ஸ்டட், ஹெட் (எஞ்சினோட மேல்பாகம்) மட்டத்துக்கு முறிஞ்சது. ஹெட் அலுமினியம், எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. வெல்டர் ஒரு பழைய நட்டை மேல வெச்சு, நடு ஓட்டைக்குள்ள வெல்டிங் ராடை விட்டு ரொப்பினார். நான் ஸ்பேனரை எடுத்தேன். "தொடாத, டீ குடிச்சிட்டு வரேன்"னு சொல்லிட்டுப் போயிட்டார். இருபது நிமிஷம் நான் அந்த நட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். வந்தார், ரெண்டு விரல்ல திருப்பினார், வந்துடுச்சு. அந்த டீ தொழில் நுணுக்கமா, இல்ல வெறும் டீயான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

லேத்துவீட்டுப் பிள்ளை:
நுணுக்கம்தான் தம்பி. சூட்டுல ஸ்டட் விரியப் பாக்கும், சுத்தி இருக்கிற உலோகம் விடாது. ஆறும்போது சுருங்கும், அப்ப துரு விட்டுக்கொடுக்கும். சிவக்கச் சிவக்கத் திருப்பினா மறுபடியும் முறியும். ஆனா "ஈஸி அவுட் பக்கமே போகாதே"ங்கறதை ஒத்துக்க மாட்டேன். தப்பு கருவி மேல இல்ல. துரு பிடிச்ச ஸ்டட் நல்ல ஸ்பேனருக்கே வராம முறிஞ்சிருக்கு, அதுல பாதி கனம் இருக்கிற ஈஸி அவுட்டுக்கு வருமா? முதல்ல சூடு காட்டணும். முறிஞ்ச தலையை அரத்தால மட்டம் பண்ணு. சென்டர் பஞ்ச்சை நட்ட நடுவுல அடி, ஒரு நூல் விலகினாலும் ட்ரில் ஹெட்டைத் தின்னுடும். 3 மி.மீ.ல ஆரம்பி. இடது கை ட்ரில் பிட் (எதிர்ப்பக்கமா சுத்தித் துளைக்கிறது) கிடைச்சா வாங்கி வை, பல நேரம் துளை போடும்போதே துண்டு சுத்திக்கிட்டு வெளிய வந்துடும். எதுவும் ஆகலைன்னா மாருதியோட 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 6.8 பிட், அப்புறம் மரை வெட்டுற டேப், மரையும் போச்சுன்னா ஹெலிகாயில் (புது மரைக்கு வைக்கிற கம்பிச் சுருள்). அம்பாசடருக்கு அந்தக் கணக்கு ஆகாது, அது அங்குல மரை, 5/16. அந்த நட்டுக்கு அரை இன்ச் ஸ்பேனர், அதாவது 12.7 மி.மீ. எல்லாரும் 13ஐப் போட்டு மூலையை மழுக்கிடுறாங்க. இதுல சில மெக்கானிக்குங்க எம்8 (8 மி.மீ.) நட்டையே அடிச்சு ஏத்தி வெச்சிருப்பாங்க. கடலூர்க்காரரே, நீங்க எந்த ஸ்பேனர் போட்டீங்க?

என் கதை சின்னது. அப்பா பட்டறைக்கு ஒரு பிளாக் வந்தது, ஒரே ஓட்டைக்குள்ள ரெண்டு ஈஸி அவுட், ஒண்ணு மேல ஒண்ணு. அப்பா சிரிக்கலை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு மறுபடி போட்டுப் பாத்தார்.

கடலூர் மார்க்ஃபோர்:
சார், நான் வழி கேக்கலை. ஹெட்டை இறக்கி, கோயம்புத்தூர் அனுப்பி, ஸ்பார்க் எரோஷன்ல (மின்பொறியால) அரிச்சு எடுத்தாச்சு. 13தான் போட்டேன். போதுமா?

மானிப்பாய் சோமர்செட்:
எங்கட ஐயாவின்ர ஒஸ்டின் ஏ40 கார். உங்கட அம்பாசடர் எஞ்சினுக்கு மூத்த அண்ணன் எண்டு சொல்லலாம், 1200 சிசி. யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை காலம், பெற்றோல் இல்லை, கொஞ்சம் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையில ஓடின காலம். மேனிஃபோல்ட் ஸ்டட் முறிஞ்சு போச்சு. கரண்டும் இல்லை, வெல்டிங்குக்கு எங்க போறது? மெக்கானிக் பாஸ் சின்ன உளியும் சுத்தியலும் மட்டும் வச்சுக்கொண்டு ரெண்டு பின்னேரம் தட்டினார். நான் ஜாம் போத்தல் விளக்குப் பிடிச்சன். ரெண்டாம் நாள் இருட்டினாப்பிறகு ஒரு மயிரிழை அசைஞ்சுது. நான் கத்திப்போட்டன். அவர் உடன திருப்பி உள்ளுக்க தட்டினார்! "ஏனண்ணை திரும்ப இறுக்கிறியள்?" எண்டு கேட்டன். "பயந்த மாடு தம்பி, ரெண்டடி வந்தா ஓரடி விடவேணும்" எண்டார். அந்தத் துண்டை ஐயா கனகாலம் மேசை லாச்சிக்குள்ள வச்சிருந்தவர்.

எழுநூத்தி தொண்ணூத்தாறு சிசி:
அண்ணே, லேத்துக்காரரை விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தெர்மோஸ்டாட்டை எதுக்குக் கழட்டப் போனீங்க?

கடலூர் மார்க்ஃபோர்:
வண்டி சூடாச்சு.

ஃபேன் பெல்ட் தளர்ந்திருந்தது. ஹெட்டை மாட்டினப்புறம்தான் பாத்தேன்.