பெங்களூரு மடிவாளாவில் பஸ் விட்டு இறங்கினால் கை தானாக சிகரெட் கேட்கிறது, விட்டவர்கள் வழி சொல்லுங்கள்

தருமபுரிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 34, தம் அடிக்க ஆரம்பித்து 11 வருடம், நாளைக்கு 10, 12 ஆகிறது. மூன்று முறை விட்டுப் பார்த்தாயிற்று, அதிகபட்சம் 47 நாள். அந்த 47 நாளும் பயங்கரக் கஷ்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். ஒரு நாள் மழைக்குத் தாவரகெரே பக்கம் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன், பக்கத்தில் நின்றவர் பற்ற வைத்தார், ஒன்றுதானே என்று நானும் வாங்கினேன், மறுநாள் மூன்று, அந்த வாரக் கடைசியில் பழைய கணக்குக்கே வந்துவிட்டது.

எனக்குப் புரியாத விஷயம், ஊருக்குப் போனால் இது எனக்குத் தேவைப்படுவதே இல்லை. பொங்கலுக்கு நான்கு நாள் இருந்தேன், நினைப்பே பெரிதாக வரவில்லை. திங்கட்கிழமை விடிகாலை பஸ் ஏறி இங்கே மடிவாளாவில் இறங்கியதும், பையைத் தோளில் சரியாக மாட்டுவதற்கு முன்பே போனை எடுத்து ஸ்கேன் பண்ணத் தயாராக நிற்கிறேன். அந்த காண்டிமென்ட்ஸ் பெட்டிக்கடைக்காரர் நான் வாய் திறக்காமலே ஒன்றை எடுத்து நீட்டுகிறார்.

வீட்டில் விட்டுவிட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன், அதனால் மனைவியிடம் போய் உதவி கேட்கவும் வழியில்லை. மன உறுதி வேண்டும், தியானம் பண்ணு என்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். விட்டு ஒரு வருடமாவது தாண்டியவர்கள், உங்களுக்கு எது கைகொடுத்தது?


அல்சூர் தாத்தா:

தம்பி, நான் 26 வருடம் குடித்தவன், பீடியில் ஆரம்பித்து கிங்ஸ் வரைக்கும். விட்டு 9 வருடம் ஆகிறது. உன் 47 நாள் வீண் என்று நினைக்காதே, நானே ஐந்தாவது தடவைதான் தேறினேன்.

நான் செய்தது ஒன்றுதான். விடுவதற்கு முந்தின வாரம், ஒரு சிகரெட்டையும் குறைக்காமல், ஒவ்வொன்றையும் எங்கே, எப்போது, யாரோடு என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நாளைக்கு 14-இல் நாலோ ஐந்தோதான் உடம்பு கேட்டது. மிச்சமெல்லாம் காபிக்குத் துணை, போனுக்குத் துணை, பஸ்ஸுக்குக் காத்திருக்கத் துணை. அந்தத் துணை சிகரெட்டுகளுக்கு வேறு வழி வைத்தேன். போன் வந்தால் மாடிக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டு பேசுவது, சாப்பிட்ட கையோடு பல் தேய்த்துவிடுவது, இந்த மாதிரி அற்ப விஷயங்கள்தான். உனக்கு மடிவாளா. அங்கே இறங்காதே, அவ்வளவுதான்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. முன்பு விட்டபோதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடும், நெஞ்சு படபடக்கும், எல்லாம் சிகரெட் இல்லாததால் என்று நினைத்து மறுபடி பற்ற வைத்துவிடுவேன். கடைசித் தடவை ஒரு டாக்டர்தான் காபி எத்தனை என்று கேட்டார். ஐந்து. புகையில் இருக்கிற தார் கல்லீரலை முடுக்கிவிட்டு காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம், சிகரெட்டை நிறுத்தினால் அந்த வேகம் சில நாளிலேயே குறைந்துவிடும், அதே ஐந்து காபி அப்போது இரண்டு மடங்கு வேலை காட்டும். பாதியாகக் குறைத்தேன், இரண்டும் பை டூவாக, அதாவது அரை அரை கப், மதியத்துக்கு மேல் கிடையாது. படபடப்பு போயே போய்விட்டது. ஃபில்டர் காபியைக் குறைத்ததுதான் எனக்குப் பெரிய துக்கம், சிகரெட் இல்லை.


வெயில் மழை:

அண்ணா, முதலில் ஒரு சந்தேகம். ஊரில் நான்கு நாளில் நிஜமாகவே ஒன்றுகூட இல்லையா? நாளைக்கு 12 அடிப்பவருக்கு முதல் இரண்டு மூன்று நாள்தான் உச்சம், எரிச்சல், தலைவலி, யாரைப் பார்த்தாலும் கோபம். நினைப்பே வரவில்லை என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? அரைமணி நேரத்துக்குள் என்றால் நிகோடின் பிடி கொஞ்சம் அழுத்தமாகவே இருக்கிறது, இடத்தை மாற்றினால் மட்டும் போதாது.


தருமபுரிக்காரன்:

மாட்டிக்கொண்டேன். ஒன்றுகூட இல்லை என்பது பொய். பெட்ரோல் போடப் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு நாளைக்கு இரண்டு. இங்கே காலையில் எழுந்து பத்து நிமிடம்கூட ஆகாது.


வெயில் மழை:

நினைத்தேன். நானும் அப்படித்தான் எனக்கே கணக்கு சொல்லிக்கொண்டிருந்தேன். பெல்லந்தூரில் ஒரு கம்பெனியில் வேலை, ஏழு வருடம் அடித்தேன், விட்டு இரண்டரை வருடம். ஒரு பெண் கடையில் நின்று வாங்கினால் முறைக்கிற முறைப்பு இருக்கிறதே, அதனாலேயே ஒளித்து அடித்தேன், ஒளித்தே விடவும் பார்த்தேன். யாருக்கும் தெரியாமல் விட்டால் யாருக்கும் தெரியாமலே மறுபடி ஆரம்பிக்கலாம், பாருங்கள், அதுதான் நடந்தது. உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். சண்டை வரும், வரட்டும்.

எனக்கு உதவியது, மெல்லுகிற நிகோடின் கம்மும் புகையிலையை விட உதவுகிற அரசு ஹெல்ப்லைனும். 2 மில்லிகிராம் கம் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும், 4 மில்லிகிராம் டாக்டர் எழுதித் தர வேண்டும். எழுந்ததும் பற்ற வைப்பவர் நீங்கள், டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள், பிரஷர், இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் கட்டாயம். சிலருக்கு பியூப்ரோபியான், வாரனிக்ளின் என்று மாத்திரையும் எழுதுவார்கள்.

கம் வேலை செய்யவில்லை என்கிற பாதிப் பேர் அதை பபிள்கம் மாதிரி மெல்கிறார்கள். அப்படி மென்றால் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக நாலைந்து கடி, மிளகு மாதிரி ஒரு காரம் தெரியும், உடனே நிறுத்திவிட்டு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். அடங்கியதும் மறுபடி கடி. ஒன்று அரைமணி நேரம் வரும். கம் போடுவதற்கு கால்மணி நேரம் முன்பிருந்து காபி, டீ, ஜூஸ் எதுவும் கூடாது, வாய் புளிப்பேறினால் மருந்து உள்ளே இறங்காது. முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, அப்புறம் குறைத்து, மொத்தம் மூன்று மாதம். பத்து நாளில் நிறுத்திவிட்டு நானும் ஒரு முறை கவிழ்ந்தேன்.

ஹெல்ப்லைன் எண் உங்கள் சிகரெட் பெட்டியிலேயே இருக்கிறது, 1800-11-2356, காசு கிடையாது. நீங்கள் உதிரியாக வாங்குவதால் பெட்டியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். கர்நாடகாவில் உதிரி விற்கக் கூடாது என்று 2017-லேயே உத்தரவு போட்டாயிற்று, ஆனால் கிடைக்காத தெரு எது சொல்லுங்கள். நம் ஊரில் அந்தச் சேவையை நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் நடத்துகிறார்கள், எனக்குத் தமிழிலேயே பேசினார்கள். அறிவுரை வரும் என்று பயந்தேன். விடப்போகிற தேதியைக் கேட்டார்கள், அப்புறம் அந்த வாரத்தில் எங்கெல்லாம் மாட்டுவேன் என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரித்தார்கள்.


ஒரே அடி:

கம்மாவது ஒன்றாவது. நான் ஒரு நாள் பெட்டியைக் கசக்கி எறிந்தேன், முடிந்தது, ஆறு வருடம். இல்லையென்றால் வேப், அதாவது இ-சிகரெட் வாங்கு, வாடை இல்லை, மனைவிக்கும் தெரியாது.


வெயில் மழை:

உங்களுக்கு முடிந்தது, சந்தோஷம். அவர் மூன்று தடவை கசக்கி எறிந்துவிட்டுத்தான் இங்கே வந்து கேட்கிறார். இ-சிகரெட் விற்பனை 2019-லேயே நாடு முழுக்கத் தடை, கள்ளத்தனமாக வருவதில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. அதுவும் நிகோடின்தான். அதில் மாட்டி இரண்டையும் சேர்த்து அடிக்கிறவர்கள் என் டீமிலேயே இருக்கிறார்கள்.


தருமபுரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. என் மேனேஜரும் அடிப்பார். கீழே போகிற அந்தப் பத்து நிமிடத்தில்தான் யாருக்கு எந்த வேலை, யாரை வெளிநாட்டுக்கு ஆன்சைட் அனுப்புவது எல்லாம் முடிவாகிறது. போகாமல் இருந்தால் ஆட்டத்திலேயே இல்லை. இதை என்ன செய்வது?


அல்சூர் தாத்தா:

என் காலத்தில் யூனியன் பேச்செல்லாம் பீடியோடுதான், அதனால் புரிகிறது. முதல் மூன்று வாரம் போகாதே, பல் வலி, வாய்ப்புண் என்று ஏதாவது சொல். விட்ட புதிதில் நிஜமாகவே வாய்ப்புண் வரும், பொய்யாகவும் ஆகாது. மலச்சிக்கலும் வரும், அதை மேனேஜரிடம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கப்புறம் போ, ஆனால் இரண்டு கையிலும் ஏதாவது இருக்கட்டும், ஒரு கையில் போன், ஒரு கையில் மோரோ சுண்டலோ. யாராவது நீட்டினால் "விட்டுவிட்டேன்" என்று சொல்லாதே, உடனே ஆளாளுக்குச் சவால் விடுவார்கள். "இல்லை, நான் அடிப்பதில்லை" என்று சொல். ஆசை வந்தால் நாலைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காது, அதற்குள் படியேறி மேலே போய்விடு. தவறி ஒன்று அடித்துவிட்டாலும் அன்றைக்கே அதோடு நிறுத்து. மறுநாள் மூன்று வாங்கினாயே, நீ விழுந்தது அங்கேதான்.


தருமபுரிக்காரன் (24 நாள் கழித்து):

மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் பேச்சு இல்லை. அவளுக்கு முன்பே தெரியுமாம், பெட்ரோல் கணக்கு இடித்ததாம். டாக்டர் 4 மில்லிகிராம் எழுதினார், இன்றோடு 19 நாள். மூன்றாவது நாள் டெஸ்டிங் பையனிடம் கத்திவிட்டு அப்புறம் மன்னிப்பு கேட்டேன். காபி ஒன்றுதான், காலையில்.

திங்கட்கிழமைகளில் இப்போது மடிவாளா வரை வருவதில்லை. பொம்மசந்திராவிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி மஞ்சள் வழி மெட்ரோ ஏறி சில்க் போர்டில் இறங்குகிறேன், மெட்ரோ வளாகத்துக்குள் பற்ற வைக்கவும் முடியாது, அங்கிருந்து ஆட்டோ. போன வாரம் மட்டும் வேறு வேலையாக அந்தக் கடையைத் தாண்ட வேண்டியதாயிற்று. ஆள் வழக்கம்போல எடுத்து நீட்டினார். கன்னத்தில் கம் இருந்ததால் பேச முடியாமல் கையை ஆட்டினேன், சில்லறை இல்லை என்று நினைத்துக்கொண்டு "நாளைக்குக் கொடுங்க சார்" என்கிறார்!

விக்கல்தான் நிற்க மாட்டேன் என்கிறது. மீட்டிங்கில் மானம் போகிறது. நான்கு கடிதான் கடிக்கிறேன், அதுவும் அதிகமா?


வெயில் மழை:

4 மில்லிகிராம் கம்முக்கு இரண்டு கடி போதும். காரம் தெரிந்த உடனே நிறுத்துங்கள், ருசி பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.