கலைச்சொல்: ‘பசுமைத் தளவாடம்’ வேண்டாம், ‘வெறுநடை’ வேண்டும்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். கிரீன் லாஜிஸ்டிக்ஸ், அதாவது சுற்றுச்சூழலுக்குக் கேடு குறைவாகச் சரக்கைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு, என்பதற்குத் தமிழ் கேட்டுத் தொடங்கிய இழை இது. இதுவரை ‘பசுமைத் தளவாடம்’, ‘சூழல்நேயப் பெயர்ச்சியியல்’, ‘பசுங்கடத்தல்’ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றாவதைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கடத்துவது என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான். மின்கடத்தி, வெப்பக்கடத்தி எல்லாம் அப்படிப் பிறந்தவை. ஆனால் சரக்கோடு சேர்ந்துவிட்டால் அந்தச் சொல் நேரே காவல் நிலையத்துக்குப் போய்விடுகிறது.

> தளவாடம் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதிதாக எதற்கு?

தளவாடம் பொருளைக் குறிக்கும் சொல். போர்த் தளவாடம் என்றால் துப்பாக்கியும் கூடாரமும். அவற்றை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. ஆங்கிலச் சொல் மட்டும் தெளிவா என்று கேட்டால், அதுவும் இல்லை. 1838-இல் ஜோமினி என்ற படைத்துறை எழுத்தாளர் பிரெஞ்சில் அதைப் பயன்படுத்தியபோது, படைகளுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்யும் அதிகாரியின் பதவிப் பெயரிலிருந்து எடுத்ததாகத்தான் சொன்னார். தங்குமிடத்தில் தொடங்கிய சொல் இன்று ஓட்டத்துக்குப் பெயராக இருக்கிறது. எனவே வேர்ச்சொல்லைப் பெயர்த்து ஒன்றும் ஆகாது.

> முன்னால் பசுமை என்று சேர்த்தால் போதும், எல்லாருக்கும் புரியும்.

எனக்கு இதோடுதான் சண்டை. பசுமை என்ற அடைமொழி புரியும். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. வேனின் பக்கவாட்டில் ஓர் இலையை வரைந்துவிட்டாலும் அது பசுமைதான். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்த லிட்டர் எதற்காக எரிந்தது, எரியாமல் தவிர்த்திருக்கலாமா என்ற கேள்விக்குத்தான் கலைச்சொல் வேண்டும். எண்ணக்கூடிய ஒன்றுக்கு முதலில் பெயர் வையுங்கள்; அடைமொழி அப்புறம் வரட்டும்.

போக்குவரத்துச் சங்கிலியின் உமிழ்வைக் கணக்கிட 2023-இல் ஐஎஸ்ஓ 14083 என்ற பன்னாட்டுத் தரநிலை வந்தது. அதில் எனக்குப் பிடித்த விஷயம்: சரக்கோடு போன தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் போதாது, அந்தச் சரக்குக்காக வண்டி காலியாகப் போன தூரத்தின் உமிழ்வையும் சேர்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சரக்கு லாரிகள் ஓடும் கிலோமீட்டர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காலி ஓட்டம். காலியாகப் போகிறதே, எரிபொருள் மிச்சம்தானே என்று நினைக்கலாம். பெரிய லாரி காலியாக ஓடினாலும், முழுச் சுமையோடு ஓடும்போது குடிப்பதில் பாதிக்கும் மேல் குடித்துவிடும்.

இந்தக் காலி ஓட்டத்துக்குத் தமிழ் என்ன?

> வெற்றோட்டம்?

நல்ல சொல், ஆனால் அதை வேறொன்றுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். வண்டி நின்றுகொண்டிருக்க எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருக்கிறதே, ஐட்லிங், அதற்குத்தான் வெற்றோட்டம் கச்சிதமாகப் பொருந்தும்.

காலி ஓட்டத்துக்கு நான் முன்வைப்பது வெறுநடை. வண்டிக்காரர்கள் பேச்சைக் கேளுங்கள். ‘காலையிலிருந்து மூணு நடை அடிச்சாச்சு’, ‘ஒரே நடையில எல்லாத்தையும் எடுத்துடலாம்’ என்பார்கள். மாட்டு வண்டிக் காலத்துச் சொல்லை டிரிப் என்ற சொல்லால் இன்னும் முழுதாகத் துரத்த முடியவில்லை. நடை என்பது எண்ணக்கூடியது. ஒன்று, இரண்டு என்று விரலை மடக்கலாம். வெறுங்கை, வெறுங்கால், வெறும்பேச்சு வரிசையில் வெறுநடையும் இயல்பாக உட்காருகிறது. முதல்முறை கேட்பவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் வரையறையில் எழுதிவிட வேண்டும்: வெறுநடை விகிதத்தைத் தூரத்தால் அளக்க வேண்டும், எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. 100 கிலோமீட்டர் சரக்கோடு போய், அங்கிருந்து 40 கிலோமீட்டர் காலியாகப் போய் அடுத்த சரக்கை ஏற்றினால், நடைக் கணக்கில் பாதி வெறுநடை. தூரக் கணக்கில் 140-க்கு 40, அதாவது 29 விழுக்காடு. இரண்டும் வேறு வேறு கதை சொல்கின்றன.

வெறுநடை எல்லாமே சோம்பல் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ரசாயனம் ஏற்றிப்போன டேங்கரில் திரும்பும்போது பால் ஏற்ற முடியாது. ஒரு பக்கம் தொழிற்சாலை, மறுபக்கம் வாங்குவோர் மட்டும் என்றிருந்தால் திரும்பி வர என்ன இருக்கிறது? வரும் வழியில் கிடைக்கும் சரக்கை எல்லாரும் ரிட்டர்ன் லோடு என்கிறார்கள். ‘திரும்புசுமை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியே ஏற்கலாம். வினைத்தொகை, ஒற்று மிகாது, தயவுசெய்து ‘திரும்புச்சுமை’ என்று யாரும் திருத்த வேண்டாம்.

நடை என்ற அடியை ஏற்றுக்கொண்டால் மற்றவை தாமாகவே முளைக்கின்றன. பொதியைக் கொடுக்க முடியாமல் திரும்பி, மறுநாள் மீண்டும் வருவது மறுநடை. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ‘வாடிக்கையாளர் இல்லை’ என்று கைப்பேசிக்குச் செய்தி மட்டும் வந்தது. மூன்று நாள், மூன்று மறுநடை. உள்ளே இருந்தது ஒரு பேனா மை பாட்டில். அந்த மையைவிட அதற்காக எரிந்த எரிபொருள்தான் அதிகமாக இருந்திருக்கும். பொதுப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் போவது, வரும் நேரத்தை முன்பே கேட்டுக்கொள்வது இரண்டும் மறுநடையைக் குறைக்கத்தான்.

> லாஸ்ட் மைலுக்கு, அதாவது பொதி வீட்டு வாசலுக்கு வரும் கடைசிக் கட்டத்துக்கு, கடைநடை எனலாமா?

கடைசி நடை என்ற பொருளில் சரிதான். ஆனால் படிப்பவர் கடைக்குப் போகும் நடை என்றுதான் எடுத்துக்கொள்வார். வாசல்நடை என்று வைத்தால் என்ன? சில வட்டாரங்களில் நடை என்றாலே வாசற்படி. பொதி வந்து சேரும் இடமும் அதுதானே. இரண்டு பொருளும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வாசல்நடையில் தூரம் குறைவு, பொதி சிறிது, நிறுத்தங்கள் ஏராளம். சரக்கு மிதிவண்டியும் மின்வண்டியும் முதலில் இங்கே எடுபடுவதற்கு அதுதான் காரணம்.

பல விற்பனையாளர்களின் பொதிகளை ஒரே வண்டியில் சேர்ப்பது கூட்டுநடை. இதற்கு எதிரி வேகம். ‘இன்றே வீட்டில்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டால் வண்டி நிறையும்வரை காத்திருக்க முடியாது. எந்த நடை எந்த வரிசையில் போக வேண்டும் என்று வகுப்பது நடைத்திட்டம். இது பழைய கணக்கு. 1959-இல் டான்ட்சிக், ராம்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பெட்ரோல் நிலையங்களுக்கு எரிபொருள் கொண்டுபோகும் லாரிகளை வைத்து இதை எழுதினார்கள். வலப்பக்கம் வண்டி ஓட்டும் அமெரிக்காவில் யுபிஎஸ் என்ற கூரியர் நிறுவனம் இடப்பக்கத் திருப்பங்களை முடிந்தவரை தவிர்ப்பது இந்த வகைதான். எதிரே வரும் வண்டிகளுக்காக நடுச்சாலையில் காத்திருக்கும் நேரம், அதாவது நம் வெற்றோட்டம், அதில் மிச்சமாகிறது.

பெட்டிக்குள் காற்றை ஏற்றுவதற்கும் ஒரு சொல் வேண்டும். கூரியர்காரர்கள் கன சென்டிமீட்டர் அளவை 5000-ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வது வழக்கம். 40, 30, 25 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 6 கிலோ. உள்ளே ஒரு கிலோ தலையணைதான் இருந்தாலும் அப்படித்தான். இதைப் பரும எடை என்று வைத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம்.

அன்புடன்.

---

மறுமொழி:

வணக்கம். நான் பத்து ஆண்டுகள் கிடங்கில் வண்டி அனுப்பும் வேலையில் இருந்தவன். ‘நடை’ சரி, நாங்களும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் ஐயா காலி வண்டியை மட்டும் பிடித்துக்கொண்டார். காலியாக வருவது கண்ணுக்குத் தெரியும். கால்வாசி நிறைந்து போகும் வண்டி தெரியாது. வெறுநடை விகிதத்தைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லட்டுமா? திரும்பும் வண்டியில் நாலு பழைய அட்டைப்பெட்டியை ஏற்றி அனுப்புவார்கள். கணக்கில் அது சுமை நடை ஆகிவிடும். புகை அதேதான்.

---

மறுமொழி:

> கடைநடை, வாசல்நடை, வெறுநடை... கேட்டால் உரைநடை வகுப்பு மாதிரி இருக்கிறது.

வெறுநடை என்று ஒரு விமர்சகர் புத்தகத்தைத் திட்டுவதற்கும் பயன்படும். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ‘படி’ அளவையாகவும் ஏறும் இடமாகவும் படிக்கும் கட்டளையாகவும் இருந்துகொண்டு யாரையும் குழப்பவில்லையே.

கிடங்கு நண்பர் சொன்னதுதான் முக்கியம். என் முதல் மடலில் நான் அதை விட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். அட்டைப்பெட்டி வித்தைக்கு இடம் கொடுக்கும் சொல்லைத் தனியாக அனுப்பக் கூடாது. பாதி நிறையாமல் போகும் ஓட்டத்தைக் குறைநடை என்று வெறுநடைக்குப் பக்கத்திலேயே சேர்க்கலாம். எதை வைத்து நிறைவைச் சொல்வது என்பதில் சிக்கல் உண்டு. பஞ்சு ஏற்றினால் இடம் தீர்ந்துவிடும், எடை மீதி இருக்கும். இரும்பு ஏற்றினால் எடை தீர்ந்துவிடும், மேலே முழுக்கக் காற்று. ஆகவே வரையறை இப்படி இருக்கட்டும்: இடம், எடை இரண்டில் எது அதிகம் நிறைந்திருக்கிறதோ அது பாதியை எட்டாத நடை, குறைநடை. நாலு அட்டைப்பெட்டி இதில் தப்பாது. பாதி என்பது என் பேச்சுக்கு. வேறு அளவு சரி என்றால் நண்பரே சொல்லட்டும், அவர்தான் வண்டி அனுப்பியவர்.

விக்சனரி என்ற இணைய அகராதியில் பதிவிட வெறுநடை, குறைநடை, மறுநடை, கூட்டுநடை, வெற்றோட்டம் ஐந்தையும் எடுத்துவைத்திருக்கிறேன். லாஜிஸ்டிக்ஸ் என்ற சொல்லை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுகிறேன். வாசல்நடைக்கு இன்னும் இரண்டு பேராவது சரி சொல்லட்டும்.

கப்பல் பக்கம் ஒரு கேள்வி தொங்குகிறது. எரிபொருளை மிச்சப்படுத்தக் கப்பலை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவதற்கு ஆங்கிலத்தில் ஸ்லோ ஸ்டீமிங் என்று பெயர். எஞ்சினுக்குத் தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால், பயண நேரம் கூடினாலும், அதே தூரத்துக்கு எரிபொருள் சுமார் 19 விழுக்காடு குறையும். மெதுநடை என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் கப்பலில் வேலை செய்பவர்கள் ‘நடை’ என்று சொல்வார்களா? குழுமத்தில் அப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள், அதுவரை அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.