மறு: 'ரீப்ளே அசிஸ்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

'ரீப்ளே அசிஸ்ட்' என்பதை 'மூன்றாம் நடுவர்' என்று சொல்லலாமா என்ற கேள்விக்கு என் பதில்: வேண்டாம் என்பேன். கிரிக்கெட்டில் ஊறிப்போன சொல் அது. படித்ததுமே, தீர்ப்பு சொல்லும் அதிகாரம் உள்ளவர் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ரீப்ளே அசிஸ்ட்டுக்கு அவ்வளவு அதிகாரம் கிடையாது. களத்தில் ஏழு நடுவர்கள். அரங்கின் மேலே திரை பார்ப்பவரும் நியூயார்க்கில் இருக்கும் குழுவும் அவர்கள் காதில் சொல்லி உதவுகிறார்கள், பந்தைப் பிடித்தாரா, கால் கோட்டைத் தொட்டதா என்பது மாதிரி. 2025 பருவ விதிப்படி சில தவறுகளுக்கு, தவறு நடந்தது என்று காட்ட நடுவர் வீசிய மஞ்சள் கொடியைத் திரும்ப எடுக்கவும் சொல்லலாம், ஆனால் களத்தில் யாருமே வீசாத கொடியை மேலிருந்து வீசச் சொல்ல முடியாது. ஆகவே 'திரைத்துணை' போதும். துணைதான், நடுவர் இல்லை.

இந்த வித்தியாசம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2019 ஜனவரி, நியூ ஆர்லியன்ஸ், செயிண்ட்ஸ், ராம்ஸ் அணிகளின் அரையிறுதி. 20-20, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை. செயிண்ட்ஸின் ப்ரீஸ் எறிந்த பந்து வந்து சேருமுன்பே, ராம்ஸ் தடுப்பாளர் ராபி-கோல்மன் பந்து வரும் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பந்தைப் பிடிக்க வேண்டிய டாமிலீ லூயிஸை இடித்துச் சாய்த்தார். கொடி விழவில்லை. கூடுதல் நேரத்தில் ராம்ஸ் 26-23 என்று வென்று இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போய்விட்டது. அடுத்த பருவம் மட்டும் இந்த மாதிரித் தவறுகளுக்கு (பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்) பயிற்சியாளர்கள் சிவப்புக் கொடி போட்டு முறையிடலாம் என்றார்கள்; அப்போதும் களத் தீர்ப்பை மாற்ற அத்தனை தயக்கம், 2020-இல் விதியையே கைவிட்டார்கள். இன்றைய திரைத்துணை இருந்திருந்தாலும் அந்த ஆட்டத்தில் ஒன்றும் செய்திருக்க முடியாது. நாடே திரையில் பார்க்கும் தவறைச் சொல்ல ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தே ஆகவேண்டும்.

அப்புறம், ஸ்கை ஜட்ஜ். அதே 2019-இல் ஏஏஎஃப் என்ற புது லீக் அதைச் செய்து பார்த்தது: களத்தில் தவறவிட்ட கண்கூடான பிழையை, யாரும் முறையிடக் காத்திராமல் மேலே இருப்பவரே திருத்தலாம். அதற்கு 'வான் நடுவர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதா முக்கியம்? 'திரை நடுவர்' என்றால் திரைத்துணையோடு சேர்ந்தும் வரும், அதிகார வேறுபாடும் தெரியும்.

சேலஞ்சுக்கு 'முறையீடு', ரிவியூவுக்கு 'மீள்பார்வை', இரண்டும் சரி. பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு 'பிடிமறிப்பு' என்று யோசித்தேன். பந்தைப் பிடிக்க விடாமல் மறிப்பது. ஆனால் பந்தெறியும் அணி வீரரே தடுப்பாளரைத் தள்ளிவிட்டாலும் அதே தவறுதான், அதற்கு இது பொருந்துமா? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.