நம் ஊர் ஹோட்டல் கைமாறியது: பழைய பெயர்ப் பலகை இருக்கலாமா?

அரசலாறு:
கும்பகோணம் – மயிலாடுதுறை சாலையில் நம் கடைத்தெரு ஹோட்டலை மூன்று தலைமுறையாக நடத்திய குடும்பம் போன மாதம் வெளியூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டது. பலகையில் அதே பெயர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குக் கடப்பா கிடையாது, சாம்பார்தான். கடப்பா என்றால், வெந்த பாசிப்பருப்பில் உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்துவிட்டுக் கொதிக்கும்போது வாசனை தேரடி வரைக்கும் வரும். அந்த ஹோட்டல் பெயருக்கு அர்த்தமே அதுதான். கடப்பா போடாதவர் பலகையை இறக்கிவிட்டு நடத்தட்டும்.

குடமுருட்டி:
அண்ணே, விற்காமல் என்ன செய்வார்கள்? பிள்ளைகள் இருவரும் சென்னையில். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து பால் வாங்கி வைக்க அந்தப் பெரியவரால் இனி முடியாது. பூட்டிப்போட்டால் மட்டும் பெயர் வாழுமா? இன்றைக்கும் அங்கே ஆறு பேர் சம்பளம் வாங்குகிறார்கள்.

வெண்ணாறு:
பெயரை விடுங்கள். கட்டடம்தான் அவர்களுடையது, அடிமனை கோயிலுடையது. 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவே ஆணையர் அனுமதி வேண்டும். மனையை வாடகைதாரர் விற்கவே முடியாது. வாங்கியவர் கோயில் ஆபீசில் பேசினாரா, வாடகை ரசீது யார் பெயரில் போடுகிறார்கள்? நாளைக்கு நோட்டீஸ் வந்தால் கடையே போய்விடும்.

அரசலாறு:
அது முக்கியம்தான், விசாரிக்கிறேன். ஆனால் என் வருத்தம் வேறு. இருபது வருஷத்துக்கு மேல் அடுப்படியில் நின்ற சரக்கு மாஸ்டரை முதல் வாரமே அனுப்பிவிட்டார்கள். விறகு அடுப்பையும் இடித்தாயிற்று.

குடமுருட்டி:
விறகு அடுப்புக்காக வருத்தப்படாதீர்கள். என் அப்பா அங்கே தோசைக்கல்லில் நின்றவர். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டுதான் படுப்பார். கேஸ் வந்தது நல்லது. மாஸ்டர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நேற்று அவரைக் கல்யாண மண்டபத்தில் பார்த்தேன். கூப்பிட்டால் வருவாராம். நாளைக் காலை புது முதலாளியிடம் கேட்கப் போகிறேன், நீங்களும் வாருங்கள்.

அரசலாறு:
வருகிறேன் தம்பி. கடப்பா திரும்ப வரும்வரை பலகையை இறக்கத்தான் சொல்வேன். அதையும் அவரிடம் நேரிலேயே சொல்லிவிடுகிறேன்.

வெண்ணாறு:
அப்படியே அந்த ரசீதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.