எல்க் வேட்டைக்கு ரிகர்வ் வில்: 45 பவுண்டா, 55 பவுண்டா?

மலைச்சரிவு (ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ):

எல்லோருக்கும் வணக்கம். கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லோடு மான் வேட்டைக்குப் போய்ப் பழக்கம் உண்டு. வரும் செப்டம்பரில் எல்க் என்ற பெரிய மான் வகையின் வேட்டைக்கு, கப்பியும் குறிபார்க்கும் சைட்டும் இல்லாத, நுனி முன்பக்கம் வளைந்த ரிகர்வோடு போக ஆசை. நாணை வாயோரம் தொடும்வரை இழுத்தால் எனக்கு 26½ அங்குலம் வருகிறது. கடைக்காரர் எல்க் என்றால் வில்லின் இழுவிசை 55 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்கிறார். அந்த வில்லை இழுத்துப் பார்த்தேன், சில அம்புகளிலேயே தோள் நடுங்கியது. கொலராடோ சட்டமோ 35 பவுண்டு போதும் என்கிறது. நான் எதை வாங்க? அம்பு கார்பனா, மரமா? முனை எது?

பிட்டர்ரூட் வில்லாளி (மொன்டானா):

தம்பி, தோள் நடுங்கிய வில்லை வாங்காதே. கடையில் சமதரையில் நின்று இழுப்பது வேறு. விடியற்காலைக் குளிரில், சரிவில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு, எல்க்கின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும் ஓரிரு நொடியில் சத்தமில்லாமல் இழுப்பது வேறு. அங்கே முழுசாக இழுக்க வராது. குறுக்கி இழுத்துப் பதறி விட்ட அம்பு எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடிபட்டு ஓடிச் சாகக் கிடக்கும் விலங்கை நினைத்துப் பார்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குல இழுப்புக்கானது. ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு, மூன்று பவுண்டு குறையும். 50 என்று எழுதிய வில் உன் கையில் ஏறக்குறைய 46 தரும். அது எல்க்குக்குப் போதும். கழற்றி மாட்டும் டேக்டவுன் ரிகர்வாக வாங்கு, நீளம் 58 அல்லது 60 அங்குலம். ஒரே ரைசருக்கு (நடுப்பிடி) 40 எழுதிய லிம்ப் (வளையும் கை) ஒரு ஜோடி, 50 எழுதியது ஒரு ஜோடி. கோடை முழுக்க 40-ல் பழகு. அம்பு விடும் ஒழுங்கு கைக்கு வந்த பிறகு 50-ஐ மாட்டு.

இனி அம்பு. என் கணக்கில் வில்லைவிட இதுதான் பெரிய விஷயம். ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். விலா எலும்பைக் கடந்து இரண்டு நுரையீரலையும் துளைக்க வேண்டும். காம்பவுண்டில் விடும் 400 கிரெயின் அம்பை இங்கே கொண்டுவராதே. உன் வில்லுக்கு 550-லிருந்து 600 கிரெயின் வை. 600 என்றால் சுமார் 39 கிராம். கனமான அம்பு மெதுவாகத்தான் போகும், ஆனால் பட்ட இடத்தில் நிற்காமல் உள்ளே போகும், வில்லின் சத்தமும் அடங்கும். டாக்டர் எட் ஆஷ்பி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உண்மையான விலங்குகளில் அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று சோதித்தார். பெரிய எலும்பை உடைக்க 650 கிரெயினாவது வேண்டும் என்பது அவர் கண்டது. நாம் தோள் எலும்பைக் குறிவைக்கப் போவதில்லை என்பதால் அதற்குச் சற்றுக் கீழே நிற்கலாம்.

400 ஸ்பைன் (அம்புத்தண்டின் விறைப்பு எண்) கார்பன், முனையை மாட்டத் தண்டுக்குள் வைக்கும் 100 கிரெயின் பித்தளை இன்செர்ட், 200 கிரெயின் முனை என்று தொடங்கு. அம்பை வெட்டாமல் முழு நீளத்தில் வைத்து, இறகில்லாத அம்பையும் இறகுள்ளதையும் ஒரே இலக்கில் விட்டுப் பார். நீ வலக்கைக்காரன் என்றால், இறகில்லாதது வலப்பக்கம் விலகினால் அம்பு அதிகம் வளைகிறது. கால் அங்குலம் கால் அங்குலமாக வெட்டிக்கொண்டே வா. இடப்பக்கம் போனால் விறைப்பு அதிகம், முனையின் கனத்தைக் கூட்டு. இந்த வேலையில் அவசரம் கூடாது. கோணலாகப் பறக்கும் அம்பு தன் பலத்தைத் தோலிலேயே தொலைத்துவிடும்.

முனை இரண்டு அலகு கொண்ட, அசையாத எஃகு முனைதான். பட்டதும் விரியும் வகை வேண்டாம், விரிவதற்கே பலம் செலவாகும். கொலராடோவில் அகலம் குறைந்தது 7/8 அங்குலம் இருக்க வேண்டும். புறங்கை மயிரை மழிக்கும் அளவுக்கு நீயே தீட்டு. பெட்டியில் வந்த கூர்மையை நம்பாதே.

நாணொலி (டுராங்கோ, கொலராடோ):

அண்ணா சொன்னதோடு இன்னும் கொஞ்சம். பிளாஸ்டிக் இறகு வேண்டாம். ரிகர்வில் அம்பு வில்லின் விளிம்பை உரசிக்கொண்டு போகும், வான்கோழி இறகு மடிந்து கொடுக்கும், பிளாஸ்டிக் அம்பை உதைத்துத் தள்ளும். மழையில் இறகு நனைந்து படிந்துவிடும் என்பதால் தூணியின் மேல் ஒரு பை போட்டு வையுங்கள்.

நான் ஆரிகன் பக்கத்துப் போர்ட் ஆர்ஃபர்ட் சீடர் மரத்து அம்புதான் விடுகிறேன். முறிந்தால் வரும் அந்த வாசனைக்கே அதைக் கைவிட மனசு வராது. ஆனால் ஒவ்வொன்றையும் எடை போட்டு, ஸ்பைன் பார்த்து, கோணல் நிமிர்த்தி வைக்க வேண்டும். முதல் வருடம் கார்பனே இருக்கட்டும்.

பழைய வில் மலிவாகக் கிடைத்து வாங்கினால் அதற்குச் சற்று இழுபடும் டேக்ரான் நாண் மட்டும். இழுபடாத புதுவகை நாண், அதற்கென்று செய்யாத பழைய லிம்பின் நுனியைப் பிளந்துவிடும்.

மலைச்சரிவு:

இருவருக்கும் ரொம்ப நன்றி. ஆகஸ்டுக்குள் 50-ஐ நிதானமாக இழுக்க வரவில்லை என்றால் என்ன செய்வது? எவ்வளவு தூரத்தில் விடலாம்?

பிட்டர்ரூட் வில்லாளி:

வராவிட்டால் 45 எழுதிய லிம்ப் வாங்கு, உன் கையில் 41 வரும். சட்டத்துக்கும் குறையில்லை. அம்பை மட்டும் 500 கிரெயினுக்குக் கீழே இறக்காதே.

தூரத்தை வில் முடிவு செய்யாது. காலையில் எழுந்ததும் விடும் முதல் அம்பு, உடம்பு சூடேறாத அந்த ஒரு அம்பு, சாப்பாட்டுத் தட்டு அளவு வட்டத்தில் எந்தத் தூரம் வரை தவறாமல் விழுகிறதோ அதுவே உன் எல்லை. பெரும்பாலோருக்கு அது 20 யார்டுக்குள். எல்க் பக்கவாட்டில் நிற்கும்போதோ, சற்று அப்பால் திரும்பி நிற்கும்போதோ மட்டும் விடு. நேராக உன்னைப் பார்த்து நின்றால், எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும் நாணைத் தளர்த்து.

சூரியன் ஏறும்வரை மலைக்காற்று கீழ்நோக்கி இறங்கும், வெயில் பட்டதும் மேலேறும். 20 யார்டுக்கு அருகே போக வேண்டுமென்றால் அதைப் பார்த்துத்தான் நகர வேண்டும். அந்த வருடத்து விதிப் புத்தகத்தையும் கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் தளத்தில் எடுத்துப் படித்துவிடு, டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.