தொண்ணூறு விநாடிக்காக சியெனா வரை போகணுமா?

நாடோடி மாறன்:
சாவதற்குள் ஒருமுறை பார்த்தே தீரணும் என்று ஆளுக்கு ஒன்று வைத்திருப்போம். எனக்கு அது பாலியோ. இத்தாலியில், டஸ்கனியின் சியெனா நகரில் நடக்கிற குதிரைப் பந்தயம். ஜூலை 2, ஆகஸ்ட் 16 என்று வருஷத்துக்கு இரண்டு. நகரின் நடுச் சதுக்கமான பியாஸா தெல் காம்போவைச் சுற்றி மண்ணைக் கொட்டி இறுக்கி ஓடுபாதை போட்டுவிடுவார்கள். ஆமை, ஓநாய் என்று பெயர் வைத்துக்கொண்ட நகரின் வட்டாரங்கள், அதாவது பேட்டைகள், ஆளுக்கு ஒரு குதிரையை இறக்கும். பத்துக் குதிரை, சேணம் கிடையாது, மூன்று சுற்று. ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். காணொளியில் பார்த்துப் பார்த்துச் சலிக்கவில்லை, நேரில் நிற்கணும். சதுக்கத்தின் நடுவில் நிற்க டிக்கெட்கூட வேண்டாம். போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை:
டிக்கெட் வேண்டாம்தான். வேறு என்னவெல்லாம் இல்லை என்று சொன்னீர்களா? நிழல் இல்லை. கழிப்பறை இல்லை. பந்தயத்துக்கு முன் நடக்கிற ஊர்வலம் மட்டுமே இரண்டு மணி நேரம், அதற்கும் முன்னாடியே உள்ளே போய் இடம் பிடிக்கணும், வெளியே வந்தால் இடம் போச்சு. அத்தனையும் தாங்கி நின்றால் முன்னால் நிற்பவரின் பிடரி நன்றாகத் தெரியும். பால்கனியிலோ ஓரத்துப் பலகைப் படியிலோ உட்கார வேண்டுமென்றால் பல நூறு யூரோ. விநாடிக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வயிறு எரியும்.

நாடோடி மாறன்:
ஓட்டத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பாதி பந்தயம் கிளம்புகிற இடத்திலேயே நடந்துவிடுகிறது. எந்தக் குதிரை எந்த வரிசையில் நிற்கணும் என்பது சீட்டு. அதை வாசிக்கும்போது அவ்வளவு பெரிய சதுக்கமும் மூச்சு விடாமல் நிற்கும். ஒன்பது குதிரைகள் இரண்டு கயிற்றுக்கு நடுவில் வந்து நிற்க வேண்டும். பத்தாவது வெளியே நிற்கும். அது எப்போது பாய்ந்து உள்ளே வருகிறதோ அப்போதுதான் முன்கயிறு விழும். எதிரிப் பேட்டையின் குதிரை தப்பான திசையில் திரும்பி நிற்கிற நொடிக்காக அந்தப் பத்தாவது ஆள் காத்திருப்பான். அதுவரைக்கும் கயிற்றுக்குள் ஜாக்கிகள் வெளிப்படையாகப் பேரம் பேசுவார்கள். வரிசை குலைந்தால் எல்லாரையும் வெளியே அனுப்பி மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட இழுக்கும், இருட்டிவிட்டால் மறுநாள். இதில் விநாடிக் கணக்கு எங்கே வருகிறது?

வெண்ணிலா:
பேரம், சீட்டு, கயிறு எல்லாம் சொன்னீர்கள். சான் மார்த்தினோ வளைவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, ஏன்? சரிவில் இறங்கி வருகிற வேகத்திலேயே சட்டென்று திரும்ப வேண்டும். சுவரில் மெத்தை சாத்தி வைத்திருக்கிறார்கள். மெத்தை வைக்கிறார்கள் என்றாலே குதிரை மோதும் என்று அவர்களுக்கே தெரியும் என்றுதானே அர்த்தம்? ஜாக்கி சம்பளம் வாங்கிக்கொண்டு ஏறுகிறான். குதிரையை யார் கேட்டார்கள்?

நாடோடி மாறன்:
மறுக்கவில்லை. ஆனால் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சரியல்ல. வேகம் அதிகமான தூய தரோபிரெட் குதிரைகளை இப்போது சேர்ப்பதில்லை, கலப்பினம் மட்டும்தான். முன்கூட்டியே கால்நடை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். குதிரைக்கு அங்கே இருக்கிற மரியாதையைப் பாருங்கள். பந்தயத்தன்று பேட்டையின் கோயிலுக்குள் கூட்டிப்போய் பாதிரியார் ஆசீர்வதிப்பார், "போ, வென்று திரும்பி வா" என்று. உள்ளே சாணி போட்டால் நல்ல சகுனம்! வெற்றி விருந்தில் அதற்குத்தான் முதல் இடம். ஜாக்கி விழுந்தாலும் குதிரை மட்டும் ஓடி முதலில் வந்தால் வெற்றி செல்லும்.

வெண்ணிலா:
ஜாக்கி இல்லாமல் ஜெயித்ததற்கு நானே உதாரணம் தருகிறேன். 2018 அக்டோபர் 20. முதல் உலகப்போர் முடிந்த நூற்றாண்டுக்காக நடத்திய சிறப்புப் பாலியோ. ஆமைப் பேட்டையின் ரெமோரெக்ஸ் தனியாக ஓடி ஜெயித்தது. அதே பந்தயத்தில் ஒட்டகச்சிவிங்கிப் பேட்டையின் ரவோலுக்குக் கால் உடைந்தது, கருணைக்கொலை செய்தார்கள். நீங்கள் பார்த்த காணொளியில் எது இருந்தது?

நாடோடி மாறன்:
ரெமோரெக்ஸ் இருந்தது. அதே குதிரை 2019 ஆகஸ்டில் காட்டுப் பேட்டைக்காகவும் ஜாக்கி இல்லாமல் ஜெயித்ததையும் பார்த்திருக்கிறேன். ரவோலைப் பார்க்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
நான் கழிப்பறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எங்கேயோ போய்விட்டீர்கள்.

தமயந்தி:
நான் 2016 ஆகஸ்டில் நடுவில்தான் நின்றேன். முதுகு மட்டும் தெரியும் என்பது முழுக்க உண்மையில்லை. சதுக்கம் சிப்பி மாதிரி சரிவாக இருக்கும், மேல்பக்கம் நின்றால் கொஞ்சம் தெரியும். எனக்குக் குதிரைகள் இரண்டு தடவை பளிச்சென்று தெரிந்தன, மூன்றாம் சுற்று முழுக்கத் தலைகள்தான்.

அன்றைக்கு ஜெயித்தது ஓநாய்ப் பேட்டை. 1989-க்கு அப்புறம் அந்த வருஷம் வரைக்கும் ஜெயிக்கவே ஜெயிக்காத பேட்டை. அப்படி நீண்ட நாள் ஜெயிக்காததைப் பாட்டி என்று கேலி செய்வார்களாம். அந்த ஜூலையில்தான் பாட்டிப் பட்டம் போச்சு, ஆகஸ்டில் மறுபடியும் அவர்களே. என் பக்கத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் தோள்துணியில் முகத்தைப் புதைத்து அழுதார். நான் கைதட்டினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோபம் எல்லாம் இல்லை, நான் அங்கே இருந்ததே அவருக்குத் தெரியாது. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, யார் வீட்டுக் கல்யாணத்திலோ புகுந்து சாப்பிட்ட மாதிரி.

வெண்ணிலா, உங்களுக்கு ஒன்று: எனக்கும் அந்த வளைவைப் பார்க்கப் பிடிக்கவில்லை. முதல் சுற்றில் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெண்ணிலா:
நேர்மையாகச் சொன்னதற்கு நன்றிங்க. கண்ணை மூட வேண்டியிருக்கிற ஒன்றைப் பார்க்க எதற்குப் போகணும் என்பதுதான் என் கேள்வியே.

நாடோடி மாறன்:
தமயந்தி, பந்தயத்துக்கு மூன்று நாள் முன்னாடி எந்தப் பேட்டைக்கு எந்தக் குதிரை என்று சீட்டுப் போடுவார்களே, அதற்கும் போனீர்களா? ஜூன் 29, ஆகஸ்ட் 13. அன்றைக்கு ஓட்டம் முக்கியமில்லை. நல்ல குதிரை கிடைத்த பேட்டை கூத்தாடும், மட்டமானது கிடைத்த பேட்டை பேசாமல் அதை லாயத்துக்குக் கூட்டிப்போகும். அதற்கு மட்டும் போய்விட்டுத் திரும்பினால் என்ன என்று இப்போது தோன்றுகிறது.

வெண்ணிலா:
அன்றைக்குக் காலையில் தேர்வு ஓட்டம் வைத்துத்தான் பத்தைப் பொறுக்குவார்கள். அதே பாதை, அதே வளைவு. இருந்தாலும் நீங்கள் இவ்வளவு தூரம் இறங்கி வருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நாடோடி மாறன்:
இறங்கிவிட்டேன் என்று சொல்லாதீர்கள். ஆசை அப்படியே இருக்கிறது. எந்த நாளில் போவது என்பதுதான் குழப்பம்.

கணக்குப்பிள்ளை:
தமயந்தி, ஒரே கேள்வி. அத்தனை மணி நேரம் எப்படிச் சமாளித்தீர்கள்?

தமயந்தி:
மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், சாயங்காலம் எனக்குத் தலை சுற்றி ஒரு இத்தாலியப் பாட்டி பிடித்து உட்கார வைத்தார்.

கணக்குப்பிள்ளை:
நிஜப் பாட்டியா, ஓநாய்ப் பாட்டியா?