பம்ப் வாட்டர் கன் ரெண்டு செகண்ட்ல பிரஷர் இறங்கிடுது, கழட்டலாமா?

ஓஎம்ஆர்_மாடி

வணக்கம் எல்லாருக்கும். அக்கா பசங்க லீவுக்கு வந்திருக்காங்க, வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடில ரெண்டு டீமா பிரிஞ்சு தண்ணி சண்டை, பக்கத்து ஃப்ளாட் பசங்களும் சேர்ந்துட்டதால இப்போ பெரிய கூட்டமே ஆகிடுச்சு. எங்க டீமோட பெரிய கன்னு ஒண்ணு இருக்கு, பேட்டரி இல்ல, கையால பம்ப் பண்ற டைப், மேல ஒரு லிட்டருக்கு மேல பிடிக்கிற டேங்க், அதுக்குக் கீழ தனியா ஒரு உருண்டை சேம்பர், அதுல தான் பிரஷர் ஏறும்னு நினைக்கிறேன். புதுசுல இருபது அடி பம்ப் பண்ணா தான் டைட் ஆகும், ட்ரிகர அமுக்குனா மாடியோட இந்தக் கைப்பிடிச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் போகும்.

இப்போ அஞ்சாறு அடியிலேயே கல்லு மாதிரி டைட் ஆகிடுது. சுட்டா முதல் ஒரு செகண்ட் நல்லா போகுது, அடுத்த செகண்ட் அப்படியே தொங்கி கால்கிட்ட விழுது. இன்னொண்ணும் கவனிச்சேன், பம்ப் பண்ணி வச்சுட்டு கைய எடுத்தா கைப்பிடி மெதுவா தானா பின்னாடி நகர்ந்து வருது. வெளிய எங்கயும் ஒழுகல. நாங்க நிரப்புறது போர் தண்ணியும் ஆர்ஓ-ல வெளிய போற வேஸ்ட் தண்ணியும் தான், குடிக்கிற தண்ணிய விளையாட்டுக்கு எடுக்கக்கூடாதுன்னு வீட்ல கண்டிஷன், அது நியாயமும் கூட. ஸ்க்ரூ எல்லாத்தையும் கழட்டி உள்ள பாக்கலாமா? சின்னவன் சோகமா உக்காந்திருக்கான், யாராவது வழி சொல்லுங்க.

வாஷர்_கடை

கழட்டாதீங்க ப்ரோ, இப்போதைக்கு வேணாம். இந்த மாதிரி கன்னு எல்லாம் தானா மரை போட்டுக்கிற ஸ்க்ரூ, பிளாஸ்டிக்ல நேரா ஏறும், ரெண்டு மூணு தடவை கழட்டி மாட்டினாலே பிடிப்பு போயிடும், அப்புறம் சேம்பர் இறுக்கமா உக்காராது. முதல்ல பம்ப் கைப்பிடி என்ன சொல்லுதுன்னு கேளுங்க, பிரஷர் எந்த இடத்துல போகுதுன்னு முக்கால்வாசி அதுலயே தெரிஞ்சிடும்.

எவ்வளவு அடிச்சாலும் டைட்டே ஆகல, டேங்க்குள்ள குபுகுபுன்னு சத்தம் வருதுன்னா டேங்க்ல இருந்து பம்ப்புக்கு வர்ற வழில இருக்கிற வால்வு மூடல, நீங்க தள்ளுற தண்ணி திரும்ப டேங்க்குக்கே போகுது. பம்ப் குழாயோட பின்பக்கம் தண்ணி கசிஞ்சா பிஸ்டன் ஓ-ரிங், அதாவது தண்ணி கசியாம அடைக்கிற ரப்பர் வளையம். பிரஷர் ஏத்தி வச்சப்போ நாசில்ல சொட்டு சொட்டா வந்தா ட்ரிகர் வால்வு. டைட் ஆகுது, ஆனா தண்ணி நூல் மாதிரி மெலிசா ரொம்ப நேரம் வருதுன்னா நாசில் அடைப்பு.

உங்களோடது இதுல எதுவும் இல்ல. தண்ணி தடிமனா தான் வருது, சீக்கிரம் தீர்ந்துடுது. அதுவும் அஞ்சாறு அடியில டைட். சேம்பர்ல காத்து இல்லைங்க, தண்ணி நிரம்பி நிக்குது. கைப்பிடி நகர்ந்து வர்றது வேற கோளாறு, அது பம்ப்புக்கும் சேம்பருக்கும் நடுவுல இருக்கிற வால்வு.

மதுரை_பீச்சாங்குழல்

பம்ப்ல கொஞ்சம் தேங்கா எண்ணெய் விட்டுப் பாருங்க அண்ணே, எங்க வீட்ல அதான் பண்ணுவோம், சர்ருனு ஓடும். இல்லன்னா வாசலின்.

வாஷர்_கடை

தம்பி, தேங்கா எண்ணெய் வேணாம்ப்பா. இன்னைக்கு சர்ருனு ஓடும், கொஞ்ச நாள்ல பிசுபிசுன்னு ஆகி தூசியெல்லாம் பிடிச்சுக்கும். வாசலின் பெட்ரோலியத்துல இருந்து வர்றது, சில ரப்பர் தாங்கும், சில ரப்பர் ஊறி வீங்கிடும், கன்னுக்குள்ள எந்த ரப்பர்னு நமக்குத் தெரியாது. தையல் மெஷின் எண்ணெய்க்கும் இதே தான். சிலிகான் கிரீஸ் ஒரு சின்ன டப்பா வாங்கிக்கோ, ஆர்ஓ ஃபில்டர் கப்பு ஓ-ரிங்குக்குப் போடுறது, சர்வீஸ்காரங்க கிட்டயே கிடைக்கும். கடுகளவு போதும்.

ஓஎம்ஆர்_மாடி

அண்ணா, காத்து இல்லன்னு சொன்னீங்களே, அது எப்படி குறையும்? எங்கயும் ஓட்டை இல்லையே. அதுவும் இல்லாம காத்து இல்லன்னா டைட் ஆகாம இல்ல இருக்கணும்?

கோவை_லேத்

இதுக்கு நான் சொல்றனுங்க, எங்க பட்டறைல ஏர் டேங்க் வேலை பாக்குறதால இது நமக்குப் பழகின கணக்கு.

தண்ணிய அமுக்க முடியாதுங்க. நீங்க பம்ப் பண்ற சக்தி எல்லாம் சேம்பருக்குள்ள இருக்கிற காத்து அமுங்கி அதுல தான் சேந்து நிக்குது, ட்ரிகர விட்டா அந்தக் காத்து விரிஞ்சு தண்ணிய வெளிய தள்ளுது. சும்மா ஒரு கணக்கு, சேம்பர் 600 மில்லின்னு வச்சுக்கோங்க. முழுசா காத்து இருக்கும்போது 400 மில்லி தண்ணிய உள்ள தள்ளினா காத்து 200 மில்லியா அமுங்கும், அதாவது மூணுல ஒரு பங்கு, உள்ள பிரஷர் மூணு மடங்கு. வெளிய இருக்கிற காத்தோட அழுத்தத்தக் கழிச்சா 2 பார் கிட்ட, பிஎஸ்ஐ கணக்குல 29, ரெண்டும் அழுத்தத்த அளக்கிற அலகு தான். அந்த 400 மில்லியும் சுடலாம்.

இப்ப சேம்பர்ல ஏற்கனவே 450 மில்லி தண்ணி நின்னுட்டிருக்கு, காத்து 150 தான்னு வைங்க. அதே மூணு மடங்கு பிரஷருக்கு 100 மில்லி தள்ளினாலே போதும். ஒரு அடிக்கு 20 மில்லி போற பம்ப்புன்னா அஞ்சே அடி, கல்லு மாதிரி டைட். ஆனா அழுத்தத்தோட வெளிய வரப்போறது அந்த 100 மில்லி தான், அதுக்கப்புறம் உள்ள தண்ணி இருந்தும் தள்ள ஆள் இல்ல. நீங்க சொன்ன அறிகுறி அப்படியே இது தானுங்க.

காத்து எப்படிப் போகும்னா, பசங்க குனிஞ்சு ஓடுறப்போ கன்ன கவுத்துப் பிடிச்சு சுடுவாங்க. சேம்பரோட வெளிவாசல் பொதுவா அடியில இருக்கும், கவுத்தா அது மேல வந்துடும், தண்ணிக்குப் பதிலா காத்து புஸ்ஸுனு நாசில் வழியா ஓடிடும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா.

சரி பண்றது சுலபம். டேங்க காலி பண்ணுங்க, ட்ரிகர அமுக்கிப் பிடிச்சுட்டே கன்ன நேரா வச்சு மூக்க மட்டும் கொஞ்சம் கீழ சாய்ச்சு சேம்பர் தண்ணி முழுக்க வடியவிடுங்க, தண்ணி இல்லாம வெறும் காத்தாவே ஒரு பத்து அடி பம்ப் பண்ணி திரும்ப ட்ரிகர் விடுங்க, மிச்சத் தண்ணியும் வந்துடும். அப்புறம் மறுபடி காத்துல மூணு நாலு அடி மட்டும் ஏத்தி வச்சுட்டு டேங்க்ல தண்ணி ஊத்தி வழக்கம்போல பம்ப் பண்ணுங்க. அந்த நாலு அடி காத்து முன்னாடியே உள்ள இருந்தா கடைசித் தண்ணியையும் தள்ள கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும், சண்டை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எப்பவுமே இத ஒரு பழக்கமா வச்சுக்கோங்க.

வாஷர்_கடை

அருமையா சொன்னீங்க. கைப்பிடி நகர்றதுக்கு என் யூகம் உப்பு. ஆர்ஓ வேஸ்ட் தண்ணின்னா சாதா போர் தண்ணிய விட உப்பு இன்னும் அதிகம், விளையாடி முடிச்சு அப்படியே வெயில்ல வச்சா தண்ணி காஞ்சு வெள்ளையா படிவம் வால்வு உக்கார்ற இடத்துல ஒட்டிக்கும். துணுக்கு அளவு படிஞ்சாலும் வால்வு முழுசா மூடாது, சேம்பர் பிரஷர் பின்னாடி பம்ப்ப தள்ளும். வெள்ளை வினிகரும் வெதுவெதுன்னு தண்ணியும் சரிக்குச் சரி கலந்து டேங்க்ல ஊத்தி, நாலஞ்சு தடவை பம்ப் பண்ணி உள்ள ஏத்தி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, கொஞ்சம் சுட்டு வெளியேத்தி, நல்ல தண்ணில ரெண்டு டேங்க் கழுவுங்க. பாத்ரூம் கழுவுற ஆசிட் பக்கம் மட்டும் போகாதீங்க, உள்ள ஸ்பிரிங் இருக்கு, பசங்க மூஞ்சில அடிக்கிற பொருளும் கூட.

பாங்காக்_தமிழ்ச்சி

உப்பு மாதிரியே இங்க எங்களுக்கு வெள்ளைச் சுண்ண மாவு. சோங்க்ரான்னு தாய்லாந்து புத்தாண்டுத் தண்ணித் திருவிழா, ஏப்ரல் 13ல இருந்து 15 வரைக்கும், சீலோம் ரோடு, காவ் சான் ரோடு எல்லாம் ஜனங்க கன்னோட தான் நிப்பாங்க, கன்னத்துல பூசுறதுக்கு வெள்ளை மாவக் கரைச்சு கிண்ணத்துல வச்சிருப்பாங்க, அது ரோட்டோர டிரம் தண்ணில கலந்துடும், அந்தத் தண்ணிய எடுத்து நிரப்பினா சாயங்காலத்துக்குள்ள வால்வு ஒட்டிக்கும். ஹோலி கலர் பொடியும் இதே வேலை தான் செய்யும். டேங்க் வாய்ல பழைய காட்டன் துணி கட்டி வடிகட்டி ஊத்துங்க, அது ஒண்ணே பாதிப் பிரச்சனைய நிறுத்திடும்.

இன்னொண்ணு மனசார சொல்றேன், இங்க கூட்டத்துல நின்னு பாத்தப்புறம் தூரத்த விட எனக்கு டேங்க் அளவும் நிரப்புற வேகமும் தான் பெரிசா தெரியுது. ரொம்ப தூரம் அடிக்கிற கன்னு வச்சிருக்கவங்க டிரம்முக்கு ஓடிட்டே இருப்பாங்க, வாய் அகலமான டேங்க் வச்சிருக்க சின்னப் பொண்ணு மக்க முக்கி எடுத்து ஊத்திட்டு வந்து அவங்கள நனைச்சிடும். மாடில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பக்கெட் வைங்க, சண்டையே மாறிடும்.

மதுரை_பீச்சாங்குழல்

நான் பிவிசி பைப்ல சேம்பர் செஞ்சு சைக்கிள் பம்ப்ல காத்தடிச்சு ஒரு பெரிய கன்னு பண்ணலாம்னு இருக்கேன், நல்லா வருமா?

கோவை_லேத்

வேண்டவே வேண்டாம் கண்ணு. பிவிசி பைப்பு தண்ணிக்கு எழுதின பிரஷர் வேற, காத்துக்கு அது பொருந்தாது. தண்ணி அமுங்காததால பைப்புல விரிசல் விட்டா பிரஷர் உடனே போயிடும், காத்து அப்படி இல்ல, விரிசல் விட்டா விரிஞ்சுகிட்டே வெளிய வரும், பிவிசி கத்தி மாதிரி துண்டு துண்டா சிதறும். வெயில்ல கிடந்த பைப்புன்னா இன்னும் மோசம். கண்ணுல பட்டா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ. செய்யணும்னு ஆசையா இருந்தா காத்தே சேர்த்து வைக்காத இழுத்துத் தள்ளுற பீச்சாங்குழலா செய், ஒரு பைப்புக்குள்ள இன்னொரு பைப்பு, முனைல ஓ-ரிங், மூடில துளை. கை விட்டா பிரஷரும் நின்னுடும்.

வாஷர்_கடை

இதுல ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாட்டர் கன்னுல பம்ப் அடிச்சு காத்துல பிரஷர் சேக்குற இந்த ஐடியாவோட ஆரம்பம் லோனி ஜான்சன்ங்கிற அமெரிக்க இன்ஜினியர், நாசாவோட கலிலியோ விண்கலத்துல வேலை பாத்தவர். 1982ல ஃப்ரிட்ஜ், ஏசில போடுற ஃப்ரியான் வாயுவுக்குப் பதிலா தண்ணில ஓடுற ஹீட் பம்ப் (சூட்ட ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குக் கடத்துற மெஷின்) ஒண்ணு முயற்சி பண்ணிட்டிருந்தப்போ பாத்ரூம் வாஷ்பேசின்ல நாசில்ல இருந்து தண்ணி பீச்சி அடிச்சுது, அதுல இருந்து வந்தது. 1990ல பவர் ட்ரெஞ்சர்னு கடைக்கு வந்து, அடுத்த வருஷமே சூப்பர் சோக்கர் ஆச்சு. கோவை அண்ணா சொன்ன கணக்குல காத்து விரிய விரிய பிரஷர் இறங்குறது இருக்கே, அதுக்கும் பதில் கண்டுபிடிச்சாங்க, 1996ல வந்த சிபிஎஸ் 2000ங்கிற சூப்பர் சோக்கர் மாடல்ல காத்துக்குப் பதிலா தடிமனான ரப்பர் பை, பலூன் மாதிரி விரிஞ்சு சுருங்கும், கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட ஒரே அழுத்தம். இன்னைக்கும் பழைய கன்னு சேக்குறவங்க அதத் தேடித் தேடி வாங்குறாங்க.

ஓஎம்ஆர்_மாடி

வந்துட்டேன். முதல்ல காத்து ஏத்துற வேலைய பண்ணேன், சேம்பர்ல இருந்து வந்த தண்ணியப் பாத்தா நம்பவே முடியல, ஒரு பெரிய சொம்பு நிறைய. திரும்ப நிரப்பினா பழைய மாதிரி இருபது அடி கிட்ட பம்ப் பண்ணா தான் டைட் ஆகுது, சுட்டா எதிர்ச் சுவர்ல போய் பட்டுச்சு! சின்னவன் கத்தின கத்துல கீழ் வீட்டு பாட்டி மேல வந்து என்னன்னு கேட்டாங்க. அப்புறம் வினிகர் ஊறவச்சேன், கழுவுனப்போ வெள்ளையா துகள் வந்துச்சு, கைப்பிடி இப்போ அப்படியே நிக்குது. இனிமே ஆர்ஓ வேஸ்ட் தண்ணில ஆடினா கடைசில ஒரு சொம்பு நல்ல தண்ணி விட்டு அலசிடுறோம்.

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னொரு டீம் இப்போ அவங்க கன்னு தான் அதிக தூரம்னு சண்டைக்கு வர்றாங்க, பெட்டில 15 மீட்டர்னு போட்டிருக்காம். நியாயமா எப்படி அளக்கிறது?

கோவை_லேத்

பெட்டில போடுறது பெரும்பாலும் கடைசியா போய் விழுந்த சொட்டுங்க. 2 பார் பிரஷர்ல தண்ணி நாசில விட்டுக் கிளம்புற வேகம் கணக்குப்படி செகண்டுக்கு 20 மீட்டர், காத்து தடுக்கலைன்னா 40 மீட்டர் போகணும், நிஜத்துல தண்ணி உடைஞ்சு திவலையா சிதறி அதுல கால்வாசி போறதே பெரிசு. அதனால தான் தடிமனா, முறுக்கு இல்லாம நேரா வர்ற தண்ணி மெலிசான தண்ணிய விட தூரம் போகுது.

காத்து அடிக்காத நேரமா பாருங்க, ரெண்டு கன்னையும் முழு பிரஷர்ல, ஒரே உயரத்துல, ஒரு தடவை படுக்கை மட்டமா, ஒரு தடவை கொஞ்சம் மேல தூக்கி அடிங்க. காஞ்ச சிமெண்ட் தரைல அடர்த்தியா நனைஞ்ச இடம் எங்க முடியுதோ அங்க சாக்பீஸ் கோடு, சிதறின சொட்டு கணக்குல வேணாம். அப்புறம் ஒரு பக்கெட்டுக்குள்ள ஒரு செகண்ட் சுட்டு சமையல் தராசுல வைங்க, 1 கிராம்னா 1 மில்லி. தூரம் கம்மியா இருந்தும் செகண்டுக்கு நிறைய தண்ணி தர்ற கன்னு தான் கிட்டத்துல ஜெயிக்கும்ங்கிறது என் அபிப்பிராயம்.

மதுரை_பீச்சாங்குழல்

அண்ணே, ரெண்டு டீமும் மாத்தி மாத்தி அடிச்சுப் பாக்கட்டும், அப்பதான் கையோட வித்தியாசம் கழியும். அப்புறம் ஒரு கேள்வி, பேட்டரி கன்னு ஒண்ணு வாங்கலாமா?

வாஷர்_கடை

பம்ப் அடிக்க கை வலிக்கிற சின்னப் பசங்களுக்கு வாங்கு. சார்ஜ் போடுறதுக்கு முன்னாடி பேட்டரிய வெளிய எடுத்து நல்லா துடைச்சு காயவச்சுட்டுப் போடு, லித்தியம் செல் உப்பினாப்ல இருந்தா தொடவே கூடாது. ஓஎம்ஆர் ப்ரோ, உங்க கன்ன எடுத்து வைக்கிறப்போ ட்ரிகர் விட்டு பிரஷர் முழுக்க இறக்கிட்டு, டேங்க் மூடியத் திறந்து நிழல்ல கவுத்து வைங்க.

ஓஎம்ஆர்_மாடி

சரிங்கண்ணா. தராசு அம்மா கிட்ட கேட்டாச்சு, நாளைக்கு அளந்துட்டு ரெண்டு கன்னோட கணக்கும் இங்கயே போடுறேன்.